பிரவுன் ஷீட் போட்டுத் தர்ற லைப்ரரி

ரெண்டு வருஷமா மெம்பரா இருக்கேன், இப்பதான் உட்கார்ந்து எழுத முடிஞ்சுது. முதல்லயே சொல்லிடறேன், லைப்ரரி பேரும் தெரு பேரும் இதுல வராது. அங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு தாங்க குயர்னு, அதாவது ஓரினக் காதலர், திருநங்கை, திருநம்பி மாதிரி பால்புதுமையர்னு, வீட்ல இன்னும் சொல்லல, சில பேரு ஆஃபீஸ்லயும் சொல்லல, அதனால நடத்துற அக்கா "எழுது, குறையையும் சேர்த்தே எழுது, அட்ரஸ் மட்டும் போடாத"ன்னு கேட்டுக்கிட்டாங்க. பெங்களூர்ல கண்டோன்மென்ட் பக்கம், அல்சூர் மெட்ரோல இறங்கினா ஆட்டோவுல கொஞ்ச நேரம், பழைய காலத்து வீடு ஒண்ணோட முதல் மாடி, கீழ டெய்லர் கடை. இவ்வளவுதான் சொல்லலாம்.

உள்ள இருக்கறது எல்லாமே சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேண்டஸி, அதுலயும் குயர் புக்ஸ். ரெண்டு பொண்ணுங்க காதலிக்கிற ராஜ்ஜியம், ஆம்பள பொம்பளன்னு பிரிவே இல்லாத கிரகம், வயலின் வாசிக்கிற திருநங்கைப் பொண்ணு, காதலே வேணாம்னு நிம்மதியா இருக்கற ஒரு ரோபோ, இந்த மாதிரி ஒரு அறுநூறு புக்கு இருக்கும். பழைய இரும்பு பீரோவோட கதவைக் கழட்டிட்டு அதையே அலமாரியாக்கி வச்சிருக்காங்க. சுவத்துல 2022-ல தமிழ்நாடு அரசு கெஜட்ல வந்த பால்புதுமையர் சொற்பட்டியலோட பிரிண்ட் அவுட் ஒட்டியிருக்கு, பக்கத்துல யாரோ வரைஞ்ச ராக்கெட்டு.

முதல் புக் எடுக்கும்போது அக்கா கேக்குற கேள்வி, "பிரவுன் ஷீட் போட்டுத் தரவா?" ஜூன் மாசம் ஸ்கூல் திறந்ததும் அப்பா தரையில உட்கார்ந்து எல்லா நோட்டுக்கும் அட்டை போடுவாரே, அதே பிரவுன் ஷீட்டு, அதே மாதிரி ஓரத்தை உள்ள மடிச்சு, லேபிள் ஒட்டி, லேபிள்ல என்ன எழுதணும்னு உங்களையே கேப்பாங்க. நான் ஆஸ்டின் டவுன்ல அம்மா அப்பா தங்கச்சியோட இருக்கேன், தங்கச்சியும் நானும் ஒரே ரூம், அட்டையில ரெண்டு பொண்ணுங்க பக்கத்துல பக்கத்துல நிக்கற படம் இருந்தா அதை எங்க வைக்கறது, அந்த யோசனையிலயே எத்தனையோ புக்கை வாங்காமலேயே விட்டிருக்கேன். அது அவங்களுக்கு நான் சொல்லாமலேயே தெரிஞ்சிருந்துச்சு. அன்னைக்கு படியில இறங்கி வரும்போது அழுதுட்டேன், கீழ டெய்லர் கடைக்காரர் தண்ணி குடுத்தார்.

இந்த ஒரு விஷயத்துக்கு நான் ஏன் இவ்வளவு உருகறேன்னு புரியணும்னா இன்னொண்ணு சொல்லணும். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு வயசு வந்தவங்களோட ஓரினச் சேர்க்கை குத்தம் இல்லன்னு 377-ஆம் பிரிவு பத்தின தீர்ப்பைக் குடுத்துச்சு இல்லையா, அதுக்கு அடுத்த வாரம் ஒரு தைரியம் வந்து ஒரு மால்ல இருக்கற பெரிய புத்தகக்கடைக்குப் போனேன், எந்த மால் எந்தக் கடைங்கறது வேணாம். குயர் ஃபேண்டஸி புக்ஸ் இருக்கான்னு மெதுவாத்தான் கேட்டேன். அந்தப் பையன் அந்தக் கோடியில இருந்த இன்னொருத்தர்கிட்ட சத்தமா அதே வார்த்தையைக் கேட்டார், அங்க நின்ன எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, ஒரு அம்மா தன் குழந்தையைக் கையைப் பிடிச்சு அந்தாண்ட கூட்டிட்டுப் போனாங்க. நான் ஒண்ணும் வாங்காம வந்துட்டேன். அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல, அவருக்கு யாரும் சொல்லித் தரல அவ்வளவுதான், ஆனா அதுக்கப்புறம் எந்தக் கடையிலயும் வாயைத் திறந்து கேக்கறதையே விட்டுட்டேன்.

கேக்காம தேடறதுக்குன்னா பெங்களூர்ல சர்ச் ஸ்ட்ரீட் மாதிரி ஒரு இடம் கிடையாது, அதை நான் எப்பவும் சொல்லுவேன். 2001-ல ஆரம்பிச்ச பிளாசம், அப்புறம் புக்வார்ம், ரெண்டுலயும் பழைய புக்கு அடுக்குக்கு நடுவுல மணிக்கணக்கா நிக்கலாம், யாரும் என்ன வேணும்னு வந்து நிக்க மாட்டாங்க. உர்சுலா லெ குவின்னோட 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' எனக்கு அப்படி ஒரு அடுக்குலதான் கிடைச்சுது, இது குயர் புக்குன்னெல்லாம் தெரியாது, அட்டையில பனி இருந்துச்சு, வெயில் காலம், எடுத்துக்கிட்டேன். 1969-ல வந்த புக்கு. கெத்தன்னு ஒரு கிரகம், ரொம்பக் குளிரு, அங்க இருக்கறவங்க மாசத்துல பெரும்பாலான நாள் ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, சில நாள் மட்டும் ஏதோ ஒண்ணா மாறுவாங்க, எதுவா மாறுவாங்கன்னு முன்கூட்டியே தெரியாது, அதனால ஒரே ஆளு ஒரு குழந்தைக்கு அம்மாவாவும் இன்னொரு குழந்தைக்கு அப்பாவாவும் இருக்கலாம், ராஜா கர்ப்பமா இருக்கலாம். சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல பெரிய அவார்டுன்னு சொல்ற ஹியூகோ, நெபுலா ரெண்டும் வாங்கின புக்கு. படிச்சு முடிச்சிட்டு இதைப் பத்தி யார்கிட்டயாவது பேசணும்னு தவிச்சேன், ஒரு ஆளு கிடைக்கல. கடையில புக்கு கிடைச்சிடும், அதைப் பத்திப் பேச ஆளு கிடைக்க மாட்டாங்க, அதுதான் எனக்கு அஞ்சு வருஷமா இருந்த பிரச்சனை.

சரி, லைப்ரரிக்கு வரேன். அக்கா புக்கு சிபாரிசு பண்ற விதம் தனி. எந்த ஆதர் பிடிக்கும்னு கேக்க மாட்டாங்க. "இந்த வாரம் எப்படிப் போச்சு?"ன்னுதான் கேப்பாங்க. நான் போன முதல் நாள் ஆஃபீஸ்ல ஒரு பெரிய சண்டை முடிஞ்சு வந்திருந்தேன், ரொம்பச் சோர்வா இருந்தேன், அதைக் கேட்டுட்டு பெக்கி சேம்பர்ஸோட 'எ சாம் ஃபார் தி வைல்ட்-பில்ட்' எடுத்துக் குடுத்தாங்க. 2021-ல வந்த சின்ன புக்கு, டெக்ஸ்னு ஒரு துறவி, ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, ஊர் ஊரா வண்டி ஓட்டிட்டுப் போய் மனசு கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு டீ போட்டுக் குடுக்கறதுதான் வேலை. அப்புறம் காட்டுல ஒரு ரோபோவைப் பாக்கறாங்க. அதுல சண்டை கிடையாது, வில்லன் கிடையாது, டெக்ஸோட அடையாளம் யாருக்கும் ஒரு பிரச்சனையாவே இல்ல, அதைப் பத்தி ஒரு விளக்கமும் கிடையாது. அந்த விளக்கம் இல்லாததுதான் எனக்குப் பெருசாப் பட்டுச்சு, ஒரு முழு புக்கு பூரா யாரும் யாருக்கும் தன்னைப் பத்தி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கல. இந்த பெக்கி சேம்பர்ஸ் தன்னோட முதல் நாவலை கிக்ஸ்டார்ட்டர்ல காசு சேர்த்து தானே வெளியிட்டாங்கன்னு அக்கா சொன்னாங்க, அதையும் அடுத்த வாரம் எடுத்துட்டு வந்தேன்.

ஒவ்வொரு புக்கோட கடைசியிலயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், பழைய அரசு லைப்ரரிகள்ல தேதி குத்துவாங்களே அந்த மாதிரி. இங்க தேதிக்குப் பதிலா படிச்சவங்க ஒரு வரி எழுதிட்டுப் போகணும், பேரு வேணாம், எந்த மொழியா இருந்தாலும் பரவால்ல. டாஷா சூரியோட 'தி ஜாஸ்மின் த்ரோன்' சீட்டுல கன்னடத்துல நாலு வரி, இந்தியில ரெண்டு, தமிழ்ல ஒண்ணு: "மாலினி, பிரியா, ரெண்டு பேருமே என் கிளாஸ்ல இருந்தாங்க, ஆனா எங்க கிளாஸ்ல கதை இப்படிப் போகல." அந்த வரிக்காகவே அந்த புக்கை எடுத்தேன். சிறை வச்ச இளவரசி மாலினி, அவங்களுக்கு வேலை பாக்க வர்ற பிரியா, ரெண்டு பேருக்கு நடுவுல வர்ற காதலு, அதுல இருக்கற நம்பிக்கைத் துரோகம், பெயரெல்லாம் நம்ம தெருவுல கேக்கற பெயர், கோயில் படிக்கட்டு, மல்லிகை, நம்மூர் மாதிரி இருந்தும் நம்மூர் இல்லாத ஒரு நாடு. 2022-ல வேர்ல்ட் ஃபேண்டஸி அவார்டு வாங்குச்சு. கொஞ்சம் நீளம்தான், நடுவுல அரசியல் பகுதி எனக்கு இழுத்துச்சு, ஆனா முதல் முறையா ஒரு புக்குல என் தோல் நிறத்துல ரெண்டு பொண்ணுங்க அரியணைக்குப் பக்கத்துல நின்னாங்க, அதுக்கு முன்னாடி இழுவையெல்லாம் எனக்குப் பெருசாத் தெரியல.

இந்திய, தெற்காசிய அடுக்கு தனியா இருக்கு, அதுதான் இந்த லைப்ரரியோட பலம்னு நான் சொல்லுவேன். இந்த்ரா தாஸோட 'தி டிவவரர்ஸ்', கொல்கத்தாவுல ஆரம்பிச்சு முகலாயர் காலத்துக்குப் போற கதை, குயர் எழுத்துக்குக் குடுக்கற லாம்ப்டா அவார்டு வாங்கினது. அப்புறம் நம்ம ஊர்க்காரங்க லாவண்யா லட்சுமிநாராயண் எழுதின 'தி டென் பர்சென்ட் தீஃப்', பெங்களூரே அபெக்ஸ் சிட்டின்னு மாறி, மார்க் வாங்கறவன் உள்ள, வாங்காதவன் வெளியன்னு ஆயிடற கதை, 2024-ல ஆர்தர் சி கிளார்க் அவார்டு இறுதிப் பட்டியல்ல இருந்துச்சு. அப்ரைசல் மாசத்துல படிக்காதீங்க, தூக்கம் வராது.

இந்த அடுக்குல என்னை உலுக்கினது வஜ்ர சந்திரசேகரவோட 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. கொழும்புக்காரர், 2023-ல வந்த புக்கு, நெபுலா வாங்குச்சு. ஃபெட்டர்னு ஒரு பையன், பொறந்த உடனே அம்மா அவனோட நிழலைக் கிழிச்சு எடுத்துடறாங்க, அப்பாவைக் கொல்றதுக்குன்னே வளக்கறாங்க, அந்த அப்பா ஊரே கும்பிடற ஒரு மகான். பையன் அதெல்லாம் வேணாம்னு பெரிய நகரத்துக்கு ஓடி வந்துடறான், ஒரு காதலன் இருக்கான், இவனை மாதிரியே தேர்ந்தெடுக்கப்படாம விடுபட்டவங்க சேர்ந்து வாராவாரம் உட்கார்ந்து பேசிக்கற ஒரு குழுவுல போய் உட்காரறான். அந்த இடத்தைப் படிக்கும்போது தலையைத் தூக்கி நான் உட்கார்ந்திருந்த ரூமைப் பாத்தேன், மடக்கு நாற்காலி, எவர்சில்வர் டம்ளர், எட்டு பேரு. ஆனா புக்கு அங்கயே நிக்கல. மக்களை வகை பிரிக்கறது, செக்பாயிண்டு, கூட்டமா வந்து வீட்டை எரிக்கறது, முகாம், எல்லாம் வருது. எந்த நாட்டைப் பத்தின்னு அதுல பேரு சொல்லல, நமக்குச் சொல்லணும்னும் இல்ல. 1991 டிசம்பர்ல காவிரிக் கலவரம் நடந்தப்ப எங்கம்மா ஸ்ரீராம்புரத்துல இருந்தாங்க, நான் பொறக்கறதுக்கு முன்னாடி. அம்மா அதைப் பத்தி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லுவாங்க, தாத்தா கடை போர்டுல தமிழ் எழுத்து மேல சுண்ணாம்பு அடிச்சாரு, வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்னு. ரெண்டு விதமா ஒளிஞ்சு வாழறது எப்படின்னு ஒரே புக்குல எழுதியிருக்கார் இவர். சீட்டுல நான் ஒண்ணும் எழுதல, எழுத வரல, ஒரு கோடு மட்டும் போட்டு வச்சிட்டேன்.

மாசத்துல கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தமிழ்ல பேசற கூட்டம். மத்த ஞாயிறு இங்கிலீஷ், கன்னடம் கலந்து நடக்கும், அதுக்கும் போவேன், ஆனா தமிழ்க் கூட்டம்தான் இந்த ரிவ்யூவையே எழுத வச்சுது. இந்த புக்கெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, நாம தமிழ்ல பேசறோம், பேச ஆரம்பிச்ச உடனே ஒரு சிக்கல் வரும், அந்தச் சிக்கல்தான் அவ்வளவு ருசி.

லெ குவின் கெத்தன் ஆளுங்க எல்லாரையும் இங்கிலீஷ்ல ஆம்பளைக்குச் சொல்ற வார்த்தையாலயே குறிப்பிட்டிருப்பாங்க, அதுக்கு ரொம்பப் பேரு குறை சொன்னாங்க, பின்னால அவங்களே அதைத் திரும்ப யோசிச்சு எழுதினாங்க. ஆன் லெக்கியோட 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்'ல நேர் எதிரு, எல்லாரையும் பொம்பளைக்குச் சொல்ற வார்த்தையாலயே சொல்லுவாங்க. நாங்க லெ குவின் கதையை தமிழ்ல சொல்லும்போது, அதுல வர்ற ஒரு கெத்தன் ஆளைப் பத்தி யாருமே யோசிக்காம "எஸ்ட்ராவென் என்ன பண்ணாங்கன்னா, பனி மேல ஸ்லெட்ஜ் இழுத்துக்கிட்டுப் போனாங்க"ன்னு சொல்றோம். அவங்க, வந்தாங்க, போனாங்க. அந்தப் பிரச்சனையே இல்ல! எச்ஏஎல்ல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு சார் வருவார், அவர் அன்னைக்கு, "சித்திரா பௌர்ணமி ராத்திரி கரகம் பாத்து வளந்தவங்க நாம, திகளர் சமூகத்து ஆம்பள ஒருத்தர் பூவும் வளையலுமா திரௌபதியைத் தலையில தாங்கிட்டு வர்றார், ஊரே கையெடுத்துக் கும்பிடுது, கெத்தன் என்ன ரொம்பத் தூரமா?"ன்னார்.

அப்ப ஒரு பொண்ணு கேட்டா, இப்பதான் காலேஜ் முடிச்ச பொண்ணு: "அவங்கன்னு சொல்லும்போது மரியாதை வந்துடுது, தூரம் வந்துடுது. எனக்குப் பிடிச்சவங்களை நான் அவங்கன்னா சொல்லுவேன்? அவன், அவள்னு சொல்லுவேன். அப்ப கெத்தன்ல லவ் பண்றவங்க எப்படிக் கூப்பிட்டுக்குவாங்க, வாடாவா, வாடியா?" ரூம்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. இதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல. இப்பல்லாம் பொண்ணுங்களே பொண்ணுங்களை "சொல்லுடா"ன்னு கூப்பிடறாங்களே, டா இப்பவே வேலி தாண்டிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னார். எனக்கு அது பாதிப் பதில்தான். இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

அதை விடப் பெரிய கூட்டம் மர்டர்பாட் கூட்டம். மார்த்தா வெல்ஸ் எழுதின தொடர், முதல் புக்கு 2017-ல வந்துச்சு, 2025-ல வெப் சீரிஸாவும் வந்துச்சு. ஒரு செக்யூரிட்டி ரோபோ, பாதி மிஷின் பாதி மனுஷ சதை, ஒரு கம்பெனியோட சொத்து, தன்னைக் கட்டுப்படுத்தற மாட்யூலைத் தானே உடைச்சிட்டு, கிடைச்ச நேரமெல்லாம் சீரியல் பாக்குது. ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, காதல் காமம் எதுவும் வேணாம். தன்னை இங்கிலீஷ்ல பொருளுக்குச் சொல்ற வார்த்தையாலதான் சொல்லணும்னு அதுவே விரும்புது. தமிழ்ல அது "அது."

எங்க கூட்டத்துக்கு வர்ற ஒரு திருநங்கை அக்கா அன்னைக்கு வந்திருந்தாங்க. "ஊர்ல என்னை அதுன்னுதான் சொல்லுவாங்க, 'அது வருது பாரு'ன்னு, அந்த வார்த்தை காதுல விழுந்தாலே எனக்கு வயிறு பிசையும், இந்த ரோபோ ஏன் அதையே கேட்டு வாங்கிக்குது?"ன்னு கேட்டாங்க. யாரும் உடனே பேசல. அப்புறம் சார் மெதுவா சொன்னார், எங்க வீட்ல குழந்தையை அதுன்னுதான் சொல்லுவோம்மா, "அது தூங்குது, எழுப்பாத"ன்னு, கோயில்ல சாமி பிடிச்சு ஆடறவங்களையும் "அது வந்திருக்கு"ன்னு சொல்லுவோம்னார். திருநங்கை அக்கா ரொம்ப நேரம் கழிச்சு சொன்னாங்க, "அது கேட்டா அதுன்னு கூப்பிடு. நான் கேக்கல, என்னை அப்படிக் கூப்பிடாத. ரெண்டும் ஒண்ணுதான், கேட்டுட்டுக் கூப்பிடணும்." நோட்டுல எழுதி வச்சிருக்கேன் அதை. எவ்வளவோ கட்டுரை படிச்சிருக்கேன் இதைப் பத்தி, எங்கயும் இவ்வளவு நேராச் சொல்லிப் பாத்ததில்ல.

இன்னொரு நாள் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் கதைகள். ஆம்பள எழுத்து, பொம்பளையால இப்படி எழுதவே முடியாதுன்னு பெரிய எழுத்தாளரே சொல்லிட்டிருந்தப்ப, அது ஆலிஸ் ஷெல்டன்னு ஒரு அம்மான்னு வெளிய வந்துச்சு, டிப்ட்ரீங்கற பேரை ஒரு மார்மலேட் ஜாடியில பாத்துதான் வச்சுக்கிட்டாங்க. இதைச் சொன்ன உடனே கூட்டத்துல பாதிப் பேரு ஒரே நேரத்துல "சுஜாதா!"ன்னாங்க. நம்ம சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல ரொம்பத் தெரிஞ்ச பேரு, இதே பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வேலை பாத்த ரங்கராஜன், ரா.கி.ரங்கராஜனோட பேரு குழம்பக் கூடாதுன்னு மனைவி பேரை எடுத்துக்கிட்டவர், எத்தனை பேரு அவரைப் பொம்பளைன்னு நெனச்சு லெட்டர் போட்டிருப்பாங்க. ஆனா வித்தியாசமும் இருக்கே, பொம்பள பேருல எழுதின ஆம்பளைக்கு அது சௌகரியம், ஆம்பள பேருல எழுதின பொம்பளைக்கு அது ஒரு கதவு. இது அன்னைக்கு நான் சொன்னது, இப்பவும் அதேதான் நினைக்கிறேன். டிப்ட்ரீ பேருல 1991-ல ஒரு அவார்டு ஆரம்பிச்சாங்க, பாலினத்தைப் பத்திப் புதுசா யோசிக்கற கதைகளுக்கு, காசுக்கு கேக்கும் குக்கியும் செஞ்சு வித்தாங்க. 2019-ல பேரை மாத்தி அதர்வைஸ் அவார்டுன்னு வச்சாங்க. எங்க லைப்ரரியிலயும் புது புக்கு வாங்கற காசு இப்படித்தான் வருது, வருஷத்துக்கு மூணு தடவை முறுக்கு, அதிரசம், டிசம்பர்ல பிளம் கேக்கு. போன தடவை என் முறுக்குல வந்த காசுல ரைகா அவோகியோட 'லைட் ஃப்ரம் அன்காமன் ஸ்டார்ஸ்' வாங்கினாங்க, வீட்டை விட்டு ஓடி வந்த ஒரு திருநங்கைப் பொண்ணு, சாத்தானுக்கு ஆன்மா கடன்பட்ட வயலின் டீச்சர், டோனட் கடை நடத்துற ஒரு ஏலியன் குடும்பம். இது மூணும் ஒரே கதைக்குள்ள எப்படி உட்காரும்னு கேக்காதீங்க, உட்காருது.

எழுதறவங்களுக்கு ரெண்டாவது ஞாயிறு. ஒரு பக்கம் எழுதிட்டு வரணும், சத்தமா வாசிக்கணும், கேக்கறவங்க முதல்ல என்ன பாத்தாங்கன்னு மட்டும் சொல்லணும், நல்லாருக்கு நல்லால்லங்கறது அப்புறம்தான். எங்க பப்ளிஷ் பண்ணலாம்னு யாரும் பேசக் கூடாது. ஃபேன் ஃபிக்‌ஷன், அதாவது தனக்குப் பிடிச்ச கதையோட ஆளுங்களை வச்சு ரசிகர்களே எழுதற கதை, அதை எழுதறவங்களுக்கும் அதே மரியாதை. 1970கள்ல ஸ்டார் டிரெக் டிவி சீரியலோட ரசிகைகள் அதுல வர்ற கிர்க்கும் ஸ்பாக்கும் காதலிக்கிற மாதிரி கதை எழுதி, தாங்களே காப்பி போட்டு தபால்ல அனுப்பிக்கிட்டாங்க, அந்த வழியில வந்த ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்ங்கற வெப்சைட் 2019-ல ஹியூகோ வாங்குச்சு, அதனால அதை யாரும் சின்ன வேலைன்னு சொன்னா அக்கா விட மாட்டாங்க. நான் அல்சூர் ஏரிக்கு அடியில இருக்கற ஒரு ஊரைப் பத்தி எழுதிட்டிருக்கேன், மூணு பக்கம்தான் ஆயிருக்கு, டா டி ரெண்டும் இல்லாம கொஞ்சறதுக்கு ஒரு சொல்லு கண்டுபிடிக்கணும், அங்க நின்னுடுச்சு.

இப்ப குறை. முதல் குறை படிக்கட்டு, செங்குத்தா பதினெட்டு படி, கைப்பிடி ஒரு பக்கம்தான், லிஃப்ட் கிடையாது. வீல்சேர்ல வர்ற ஒரு ஃப்ரெண்டை நான் கூட்டிட்டு வரவே முடியல, கீழ டெய்லர் கடையில உட்கார வச்சு புக்கை இறக்கிக் குடுத்தாங்க, அன்பாத்தான் பண்ணாங்க, ஆனா பீரோ முன்னாடி தானே நின்னு தேடற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கலையே. எல்லாருக்கும் இடம்னு சொல்ற இடத்துல இது எனக்குக் குத்துது. அக்காகிட்ட சொன்னேன், மாசத்துக்கு ஒரு கூட்டத்தையாவது கப்பன் பார்க்ல வைக்கலாம்னு, யோசிக்கறேன்னாங்க, எட்டு மாசம் ஆச்சு.

ரெண்டாவது, தமிழ் புக்கு மொத்தமே பத்துக்குள்ள. ரேவதி அம்மாவோட 'வெள்ளை மொழி' இருக்கு, லிவிங் ஸ்மைல் வித்யாவோட 'நான் வித்யா' இருக்கு, ரெண்டும் கட்டாயம் படிக்க வேண்டிய வாழ்க்கைக் கதை, ரேவதி அம்மா பெங்களூர்ல இருந்து வேலை பாத்தவங்க வேற. ஆனா தமிழ்ல குயர் கற்பனைக் கதைன்னு கேட்டா காலியா இருக்கற ஒரு தட்டைக் காட்டறாங்க. அந்தத் தட்டு லைப்ரரியோட தப்பு இல்ல, இருந்தாலும் தேடிப் பிடிக்கலாம், சின்னப் பத்திரிகைல வந்த ஒண்ணு ரெண்டு கதையைப் பிரிண்ட் எடுத்தாவது வைக்கலாம். இங்கிலீஷ் வராதவங்க வந்தா அவங்களுக்கு இந்த ரூம்ல கேக்கறதுக்கு மட்டும்தான் இடம் இருக்கு. திருநங்கை அக்கா கூட முழு புக்கா படிச்சது ரெண்டுதான், மிச்சமெல்லாம் நாங்க சொல்லிக் கேட்டது. ரூமோட ரொம்ப நல்ல வாசகிக்கு புக்கு இல்ல, யோசிச்சுப் பாருங்க.

மூணாவது, வெயிட்டிங். புது புக்கு எல்லாம் ஒரே ஒரு காப்பி. 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் தி டைம் வார்'க்கு நான் மூணு மாசம் காத்திருந்தேன், எதிரெதிர் பக்கத்துல இருக்கற ரெண்டு பெண் உளவாளிங்க காலத்தைத் தாண்டி லெட்டர் போட்டுக்கற கதை, 2023-ல ஒரே ஒரு ரசிகரோட ட்வீட்டால திரும்ப எல்லாரும் வாங்க ஆரம்பிச்சாங்க, இங்கயும் அந்த அலைதான். கைக்கு வந்தப்ப நாலு பக்கம் மடிச்சு வச்சிருந்தாங்க. பக்கத்தை மடிக்காதீங்க, தயவு செஞ்சு.

டெபாசிட் 500, மாசம் 150, ஒரு நேரத்துல ரெண்டு புக்கு, மூணு வாரம். படிக்கறவங்ககிட்ட காசு இல்லன்னா கேக்க மாட்டாங்க, அது எங்கயும் எழுதி ஒட்டல, ஆனா நடக்கறதை நான் பாத்திருக்கேன். டாய்லெட் ஒண்ணுதான், எல்லாருக்கும், கதவுல படம் எதுவும் கிடையாது. திங்கக்கிழமை லீவு. முதல் தடவை போக ஏற்கனவே மெம்பரா இருக்கற ஒருத்தர் கூட வரணும், அது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனா அந்த விதி ஏன் இருக்குன்னு எனக்கு நல்லாப் புரியுது, மாத்தணும்னு சொல்ல மாட்டேன்.

போன மாசம் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' என்னோட சொந்தக் காப்பியை லைப்ரரிக்கே குடுத்துட்டேன், அங்க இருந்தது கிழிஞ்சு போயிருந்துச்சு. குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தங்கச்சி அதை எடுத்துப் புரட்டிட்டு, எதைப் பத்தின்னு கேட்டா. சொன்னேன். கெத்தன், குளிரு, ராஜா, எல்லாம். லைட்டை அணைச்சிட்டு ரொம்ப நேரம் கழிச்சு இருட்டுலேர்ந்து "அவங்க ரெண்டு பேரும் கடைசியில சேர்ந்தாங்களா?"ன்னா. அவங்கன்னுதான் கேட்டா. படிச்சுப் பாருன்னு சொல்லிட்டேன். இப்ப அவளும் மெம்பர், புக்குக்கு பிரவுன் ஷீட்டு வேணாம்னுட்டா.